எதிர்க்கரையில் ஒரு முனை

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் பல்லாவரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் புவியியல் படித்தவர். அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்தில் மின்சாதனப் பராமரிப்புக் குழுவில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றிவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியிருந்தார். முப்பது ஆண்டுகளாக வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப்படத்தின் அடியில் வெறும் வெள்ளைப் பட்டையாக நான் காட்டிவந்த ஓரிடத்தில் என் மாணவர் உறங்கி எழுந்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க மனம் நிறைந்தது. "நீ இருந்த இடத்தை வரைந்து காட்டுப்பா" என்று மேசையில் கிடந்த கேஸ் ரசீதின் பின்பக்கத்தை அவரிடம் தந்தேன். அவர் தம் இடக்கையை விரித்துத் தாளின் மேல் வைத்து, விரல்களைச் சுற்றிப் பேனாவால் கோடிழுத்தார். "கரை இப்படித்தான் சார் இருக்கும். மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பனி. விரல்கள் மட்டும் பாறை. இடையில் எல்லாம் கடல்" என்றார். பிறகு மோதிர விரலின் நுனியில் ஒரு சிறு கட்டம் போட்டு, "இதுதான் பாரதி" என்றார்.

அந்த மோதிர விரலின் பெயர் குரோவ்னெஸ். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தே போய்விடக்கூடிய சிறிய தீபகற்பம் அது. அவர் போன பிறகு, என்னிடம் இருந்த வரைபடங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பல இரவுகள் அந்த விரலையும் அதன் அண்டை அயலையும் படித்தேன். படித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் அந்தக் கரை நமக்கு அந்நியமானது அன்று என்பதை நான் வகுப்பில் போதிய அளவு சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.

முதலில் இருப்பிடம். பாரதி நிலையம் தெற்கு அட்சரேகை 69 பாகை 24 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 11 கலையிலும் இருக்கிறது. சென்னையின் தீர்க்கரேகை 80 பாகையைச் சற்றே தாண்டியது. அதாவது உலக உருண்டையில் சென்னையின் மேல் விரலை வைத்து நேர்தெற்கே இழுத்தால், விரல் இலங்கையைக் கடந்து காலிக்கு அருகே கடலில் இறங்கி, அதன்பின் வேறெந்தக் கரையையும் தொடாமல் அண்டார்டிகாவின் இதே கடலோரத்தில்தான் போய் நிற்கும். தொலைவு ஏறத்தாழ 9,200 கிலோமீட்டர். தீர்க்கரேகை வேறுபாடு 4 பாகைதான் என்பதால், சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 16 நிமிடங்கள் கழித்து அங்கே நண்பகல் ஆகிறது. லண்டனையும் நியூயார்க்கையும் நம் பிள்ளைகள் நேரக் கணக்கோடு அறிந்திருக்கிறார்கள். நம்முடன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பகலுணவுக்கு அமரும் இந்தக் கரையை மட்டும் அறிந்திருப்பதில்லை.

குரோவ்னெஸ் இருக்கும் பகுதி முழுவதற்கும் லார்ஸ்மான் குன்றுகள் என்று பெயர். பிரிட்ஸ் விரிகுடாவின் தென்கிழக்குக் கரையில், கிழக்கே வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளுக்கும் மேற்கே அமெரி பனித்தட்டுக்கும் ஏறத்தாழ நடுவில், பனி மூடாத பாறை நிலமாக அது கிடக்கிறது. மொத்தப் பரப்பு 40 சதுர கிலோமீட்டர் அளவு; 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குன்றுகளில் உயர்ந்தது 180 மீட்டர் வரை எழுகிறது. நம் பரங்கிமலையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டாக அடுக்கினால் அந்த உயரம் வரும். மேற்கே ஸ்டோர்னெஸ், கிழக்கே புரோக்னெஸ் என இரண்டு பெரிய தீபகற்பங்கள். அவற்றுக்கிடையே குரோவ்னெஸ் உள்ளிட்ட சிறிய முனைகள். கரையை ஒட்டி ஏறத்தாழ 130 தீவுகள். நார்வே மொழியில் நெஸ் என்றால் முனை. ஸ்டோர்னெஸ் என்பது பெருமுனை. கோடியக்கரையிலும் மணமேல்குடியிலும் கடலோடிகள் நிலத்தின் நுனியைக் கண்டு பெயரிட்டதுபோலவே, 1935 பிப்ரவரியில் தோர்ஷாவ்ன் என்ற கப்பலில் வந்த கிளாரியஸ் மிக்கெல்சன் என்ற நார்வே மாலுமி இந்தக் கரையைக் கடலிலிருந்து பார்த்துப் பதிவு செய்தார். திமிங்கில வேட்டைக் கப்பல்களின் உரிமையாளரான லார்ஸ் கிறிஸ்டென்சனின் பயணத் திட்டத்தில் வந்த கப்பல் அது. அவருடைய மனைவியின் பெயரால் இக்கரை முழுதும் இங்ரிட் கிறிஸ்டென்சன் கடற்கரை எனப்படுகிறது. அதே பயணத்தில் மிக்கெல்சனின் மனைவி கரோலைன் இதற்கு வடகிழக்கே கரையிறங்கினார். அண்டார்டிகாவில் காலடி வைத்த முதல் பெண்ணாக நெடுங்காலம் அவரே கருதப்பட்டார். அவர் இறங்கியது பெருநிலம் அன்று, கரையோரத் தீவு ஒன்று என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

குரோவ்னெஸின் இரு பக்கங்களிலும் தாலா ஃபியோர்ட், குவில்டி விரிகுடா என்ற இரண்டு நீர்ப்பரப்புகள் உள்ளே புகுந்து வருகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் அவை கரையோடு ஒட்டி உறைந்த பனித்தளமாகவே இருக்கும். "மார்ச்சுக்கு அப்புறம் கடல் எங்கே முடியுது, தரை எங்கே தொடங்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது சார். அலைகள் இல்லாததால் ஓதம் ஏறும்போது பனி விரிசல் விடுற சத்தம்தான் கடல் இருக்குன்னு சொல்லும்" என்றார் மாணவர். நிலையம் நிற்கும் பாறை மேடு பழுப்பு நிறமானது. உப்பும் காற்றும் சேர்ந்து அரித்து அதில் தேன்கூட்டைப் போல் குழிகள் விட்டிருக்கின்றன. சில குழிகளுக்குள் ஓர் ஆள் உட்காரலாம். பாறையை அருகில் குனிந்து பார்த்தால் மாதுளை முத்துகளைப் பதித்ததுபோல் கார்னெட் மணிகள் தெரியும் என்று அவர் சொன்னபோது என் காதுகள் கூர்மையாயின. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெயிலைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 21 அன்று, மார்கழியின் தொடக்கத்தில், சென்னையின் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 53 பாகைக்குச் சற்று மேல் நிற்கிறது. அதே நாளில் குரோவ்னெஸில் நண்பகல் சூரியனின் உயரம் 44 பாகை. வேறுபாடு பத்துப் பாகைக்கும் குறைவு. நம் மார்கழி வெயில் மாலை ஐந்தேமுக்காலுக்கு மறைந்துவிடுகிறது. அங்கே சூரியன் வானத்தைச் சுற்றிவந்து நள்ளிரவிலும் தொடுவானத்துக்கு மேல் மூன்று பாகை அளவில் நிற்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மறைவதே இல்லை. பனியின் மேல் விழும் வெயில் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். ஆனால் கரும்பாறை அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. கோடையில் பகல் வெப்பநிலை அடிக்கடி 4 பாகை செல்சியசைத் தாண்டுவதும், சில நாள்களில் 10 பாகையை எட்டுவதும் இதனால்தான். குளிர்காலத்தில் மாதச் சராசரி சுழியத்துக்குக் கீழே 15 முதல் 18 பாகை வரை இறங்கும். மே மாத இறுதியிலிருந்து ஜூலை நடுவரை சூரியன் எழுவதில்லை.

காற்று நம் ஊருக்கு நேர்மாறானது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று எப்போது உள்ளே வரும் என்று காத்திருக்கிறோம். நிலம் சூடேற, கடல் நம்மை நோக்கி மூச்சு விடுகிறது. லார்ஸ்மான் குன்றுகளில் நிலமே ஆட்சி செய்கிறது. பின்னால் உள்ள பனிப் பீடபூமியின் மேல் கிடக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தன் எடையாலேயே சரிவில் வழிந்து கடலை நோக்கி இறங்குகிறது. கோடை நாள்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து இது பலமாக வீசும். "கதவைத் திறந்தால் யாரோ அந்தப் பக்கம் பிடித்துத் தள்ளுற மாதிரி இருக்கும் சார்" என்று மாணவர் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக் கதவில் தோளைச் சாய்த்துக் காட்டினார்.

இந்தக் குன்றுகளின் செல்வம் என்று நான் கருதுவது ஏரிகளைத்தான். 40 சதுர கிலோமீட்டரில் 150க்கும் மேற்பட்ட ஏரிகள். முழங்கால் ஆழமில்லாத குட்டைகள் முதல் 38 மீட்டர் ஆழமுள்ள பனியாற்று ஏரி வரை எல்லா அளவிலும் இருக்கின்றன. ஏரிகளைத் தூர்த்து ஊர் கட்டிய நிலத்தில் வாழ்பவன் என்ற முறையில் இந்த எண்ணிக்கையை நான் சற்று ஏக்கத்தோடுதான் படித்தேன். ஆண்டின் பெரும்பகுதி இவை ஏறத்தாழ 2 மீட்டர் கனப் பனிமூடியின் கீழ் கிடக்கின்றன. கோடையில் சில வாரங்கள் மட்டும் மூடி கரைந்து நீர் திறக்கிறது. நீர் பெரும்பாலும் நன்னீர். கடலுக்கு அருகில் உள்ளவற்றில் காற்று தூவும் உப்பு சேர்ந்து சற்றே கரிக்கும். அடித்தரையில் நீலப்பசும்பாசியின் படலம் பாய் விரித்தாற்போல் படிந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் காற்று கொண்டுவந்த மணல், மீண்டும் ஓர் அடுக்கு என்று அது வளர்கிறது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அண்டார்டிகாவின் பனி இன்றைக்கு இருப்பதைவிட வெளியே படர்ந்து கடலோரத்தின் பெரும்பகுதியை மூடியபோதும் புரோக்னெஸின் சில பகுதிகள் மூடப்படாமல் தப்பின. அதனால் அங்குள்ள ஏரிப் படிவுகளில் ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளின் தட்பவெப்பப் பதிவு கிடைத்திருக்கிறது. குழாயை இறக்கி அந்தச் சேற்றை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு, எந்தக் காலத்தில் வெப்பம் கூடியது, எப்போது கடல் உள்ளே வந்தது, எப்போது பின்வாங்கியது என்பது பாசியின் வகையிலிருந்தே தெரிகிறது.

ஏரிகள் அமைதியாகவே இருப்பதில்லை. புரோக்னெஸின் கிழக்கு விளிம்பில் டால்க் பனியாறு கடலுக்குள் இறங்குகிறது. 2017 ஜனவரி 30 அன்று அந்தப் பனியாற்றின் மேற்பரப்பு திடீரென உள்வாங்கி, ஏறத்தாழ 200 மீட்டர் அகலமும் 40 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் திறந்தது. பனிக்கு அடியில் தேங்கியிருந்த நீர் வழியுடைத்து வெளியேறியதால் மேல்கூரை தாங்காமல் இறங்கிவிட்டது. ரஷ்ய நிலையத்திலிருந்து விமானத்தளத்துக்கு வண்டிகள் போய்வந்த தடம் அந்த இடத்தைத்தான் கடந்தது. உறைந்து கிடக்கும் நிலம் என்று நாம் நினைப்பதன் அடியில் ஓடும் நீரின் வேலையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

இந்தச் சிறு விரல்களின் மேற்கே நடப்பதோ முற்றிலும் வேறு அளவிலானது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள லாம்பர்ட் பனியாறு, உலகின் மிகப் பெரிய பனியாறுகளுள் ஒன்று, கிழக்கு அண்டார்டிகாவின் உள்நாட்டுப் பனியைத் திரட்டிக் கொண்டுவந்து அமெரி பனித்தட்டாகக் கடலின்மேல் மிதக்கவிடுகிறது. 2019 செப்டம்பர் இறுதியில் அந்தத் தட்டின் முகப்பிலிருந்து 1,636 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பனிப்பாறை பிரிந்து சென்றது. நான்கு சென்னைக்குச் சற்றே குறைவு. அதன் எடை ஏறத்தாழ 31,500 கோடி டன். அதற்குப் பக்கத்தில் ஆடும் பல் என்று ஆய்வாளர்கள் பெயரிட்டு, விழும் விழும் என்று பல ஆண்டுகள் கண்காணித்துவந்த பகுதி விழாமல் அப்படியே நிற்க, அதற்கு அடுத்த துண்டு விழுந்தது. பனித்தட்டுகள் இப்படி அவ்வப்போது உடைவது இயற்கை. இந்த உடைவைப் புவி வெப்பமாதலின் நேரடி விளைவு என்று அதைக் கவனித்தவர்கள் சொல்லவில்லை.

லாம்பர்ட் பனியாறு ஏன் அந்த இடத்தில் ஓடுகிறது என்ற கேள்விக்கான விடையில்தான் நம் நாடு உள்ளே வருகிறது. அந்தப் பனியாறு ஒரு பழம்பிளவுப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலத்து வரைபடத்தை வைத்துப் பார்த்தால், அந்தப் பள்ளத்தாக்கின் நீட்சியாக ஒடிசாவின் மகாநதிப் பள்ளத்தாக்கு வந்து பொருந்துகிறது. ஒரே பிளவு, இன்று ஒரு பாதியில் மகாநதி ஓடுகிறது, மறுபாதியில் பனி ஓடுகிறது. இரண்டு பாதியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தைச் சேர்ந்த நிலக்கரி இருக்கிறது. ஒடிசாவின் தால்சேரில் நாம் வெட்டி எடுக்கிறோம். லாம்பர்ட்டின் ஓரத்தில், இளவரசர் சார்லஸ் மலைத்தொடரில் உள்ள நிலக்கரி அடுக்குகள் தொடப்படாமல் இருக்கின்றன. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்பாடு அண்டார்டிகாவில் சுரங்கத் தொழிலைத் தடை செய்கிறது. இரு நிலக்கரியிலும் குளோசோப்டெரிஸ் என்ற மரத்தின் இலைத் தடங்கள், நாக்கின் வடிவில்.

பாறையின் சான்று இன்னும் நெருக்கமானது. லார்ஸ்மான் குன்றுகளின் கார்னெட் செறிந்த நைஸ் பாறைகள், ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், மீண்டும் ஏறத்தாழ 53 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கொண்டலைட் பாறைகளுக்கு இவை உறவு. கொணார்க் சூரியக் கோயிலைக் கட்டிய கல் கொண்டலைட். அந்தக் கோயிலின் சிவந்த சிற்பங்களைக் கண்டவர்கள், குரோவ்னெஸின் பழுப்புக் கரையை ஓரளவு கண்ணில் கொண்டுவந்துவிடலாம்.

சென்னைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தது லார்ஸ்மான் அன்று. அதற்கும் மேற்கே உள்ள எண்டர்பி நிலம் என்றே பெரும்பாலான மீட்டுருவாக்க வரைபடங்கள் காட்டுகின்றன. அங்குள்ள நேப்பியர் பாறைத்தொகுதி 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையின் வயதும் 250 கோடியை ஒட்டியது. இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வந்த வரலாறு எனக்கு எப்போதும் பிடிக்கும். கல்கத்தாவில் 1693இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கல் போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட், அந்தக் கல்லின் வகையை ஆராய்ந்து அவர் பெயரையே அதற்கு இட்டார். பரங்கிமலைச் சார்னோகைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அந்தப் பெயர் பிறகு உலகெங்கும் போயிற்று. அமெரி பனித்தட்டுக்கு மேற்கே, ஆஸ்திரேலியர்களின் மாசன் நிலையம் நிற்கும் பாறையை மாசன் சார்னோகைட் என்றே அறிவியல் அழைக்கிறது. அது நம் கல்லைவிட மிக இளையது. ஆனால் வகை அதே வகை. பல்லாவரத்துக் கல்லில் பிறந்த ஒரு சொல் பனிக்கண்டத்தின் நிலப்படத்தில் அச்சாகியிருக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலங்களும் பிரியத் தொடங்கின. அந்தப் பிரிவை ஒட்டிய காலத்தில் படிந்த களிப்பாறைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கின்றன. அவற்றில் இலைகளின் அச்சு இன்றும் கிடைக்கிறது.

மனிதர் வந்தது நேற்றுத்தான். புரோக்னெஸில் 1986 முதல் ஆஸ்திரேலிய, சோவியத் நிலையங்களும், 1989இல் சீனாவின் சோங்ஷான் நிலையமும் வந்தன. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி, 134 சரக்குப் பெட்டகங்களை உள்ளே வைத்துக் கட்டிய பாரதி 2012இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகுதொலைவு மேற்கே, கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மைத்ரி நம் பழைய நிலையம். குரோவ்னெஸைத் தேர்ந்ததில் கடலருகே இருப்பதும் கோண்டுவானாவின் பிரிவை ஆராய ஏற்ற இடமாக இருப்பதும் பெரிய காரணங்கள். 2007இல் இக்குன்றுகள் முழுவதும் சிறப்பு மேலாண்மைப் பகுதியாகின. 2014இல் ஸ்டோர்னெஸ் தனியே பாதுகாக்கப்பட்டது. அங்கே கிடைக்கும் போரான், பாஸ்பேட் கனிமங்களின் அருமைக்காக. ஸ்டோர்னசைட் என்று அந்த முனையின் பெயரையே தாங்கிய கனிமமும் அவற்றில் ஒன்று.

"ஒரு சின்னக் கல்லாவது எனக்குக் கொண்டுவந்திருக்கலாமே" என்று மாணவரிடம் ஆசையாகக் கேட்டுவிட்டேன். "ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினவங்க தவிர யாரும் எடுக்கக் கூடாது சார். நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றார். சரிதான். கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய் எங்கள் துவைகல்லைக் காட்டினேன். என் தாத்தா காலத்தில் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்தது, சார்னோகைட். அவர் ஒரு செம்பு தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். உலர்ந்தபோது மங்கலாக இருந்த கல், ஈரம் பட்டதும் நீலம் கலந்த சாம்பலாகி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. அவர் குனிந்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அங்கே இருக்கிறது இன்னும் பழுப்பு சார். சிவப்பு மணி நிறைய. ஆனால் உடைந்த இடத்தில் தொட்டால் இதே மாதிரிதான் சொரசொரன்னு இருக்கும்" என்றார்.

கிளம்பும்போது மேசையில் கிடந்த படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். "ஒரு தீவை விட்டுட்டேன் சார், என் அறை ஜன்னலில் இருந்து தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் பேனாவை வாங்கி, மோதிர விரலுக்கு எதிரே கடலில் ஒரு புள்ளி வைத்தார்.